சுவருக்கு வெல்லம்

"செவுத்துக்கு வெல்லத் தண்ணியா?"

புருஷனின் சட்டையை மூக்கருகே பிடித்தபடியே கேட்டாள் மேகலா. புளித்த வெல்ல வாசனை குப்பென்று அடித்தது. மற்றபடி சட்டை, காலையில் அவள் எடுத்துக் கொடுத்தபோது இருந்தது போலவேதான் இருந்தது.

"ஆமாண்டி. பழைய கட்டடத்துக்கு சிமெண்ட் ஒட்டாதாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணிய சுண்ணாம்புல கலந்துதான் பூசணுமாம். டிரம்மு டிரம்மா ஊறினு இருக்குது. நாளெல்லாம் அங்கியே நின்னா வாசனை அடிக்காதா?" என்றான் ஹரீஷ்குமார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவர்கள் ஊர் உத்தனப்பள்ளிக்குப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பத்திரி ஒன்று அங்கே பாழடைந்து கிடந்தது. கட்டடத்தை ஊரே சரிசெய்து கொடுத்தால் மறுபடி டாக்டர் வருவார் என்று பேச்சு வந்ததும், கம்பெனி வேலைக்குப் போகும் ஆண்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடினார்கள். ஹரீஷ்குமாரும் மூன்று மாதமாகப் போகிறான். வாசனை மட்டும் ஒரு மாதமாகத்தான்.

ஹரீஷ்குமார் முன்பு குடித்தவன். அதனால்தான் மேகலா எட்டு மாதம் தளியில் அம்மா வீட்டில் இருந்தாள். அவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிய பிறகே திரும்பி வந்தாள். இன்னொரு முறை போனால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். சொன்னதைச் செய்கிறவள் அவள்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது தப்பாகப் போயிற்று. நஞ்சம்மா தன் நிழலையே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

"சுள்ளு" என்றாள். கோபம் வந்தால் பொய்யென்று சொல்லக்கூட அவளுக்குக் கன்னடம்தான் வரும். "கடுக்கா, வெல்லம், டிரம்மு. மூணும் சேந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? பாம்பு இருக்குதுன்னு பொம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. சாராயம் காச்ச அதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?"

மேகலாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல அவன் கிளம்பிப் போனான். பதினொரு மணிக்கு மேகலாவும் கிளம்பினாள். ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டாள். அங்கே சாராயம் என்றால் வீட்டுக்குத் திரும்புவதில்லை, அப்படியே தளி பஸ் ஏறிவிடுவது. கூடவே நஞ்சம்மா, கையில் விளக்குமாற்றோடு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று நீல டிரம்கள் நின்றன. மேலே நுரை கட்டியிருந்தது. கிட்டே போகும்போதே அதே புளித்த வாசனை.

ஒரு டிரம்மைக் கம்பால் கலக்கிக்கொண்டிருந்தார் மாடசாமி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார், இந்த வேலைக்கெல்லாம் அவர்தான் தலை.

"இன்னாய்யா இது?" என்றாள் மேகலா. தான் யார் வீட்டுப் பெண் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கடுக்காத் தண்ணிம்மா. வெல்லமும் போட்டிருக்கு. பதினஞ்சு நாளு ஊறணும். நம்பிக்கை இல்லன்னா ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க."

நஞ்சம்மா விரலைவிட்டு நக்கினாள். துவர்ப்பு தாங்காமல் முகம் சுருங்கிப்போயிற்று. "இது சாராயம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அது எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

மாடசாமி அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்புக் கலவையில் ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி அள்ளிச் சுவரில் அடித்துக் காட்டினார். கலவை சுவரில் அப்படியே பிடித்துக்கொண்டது. தெறித்ததில் மேகலாவின் புடவையில் பாதிக்கு வெள்ளைப் புள்ளி.

"அடடா, தள்ளி நில்லு தாயி. இதுக்குள்ள வந்துட்டு சுண்ணாம்பு படாம வெளிய போக முடியாது. வீட்டுக்குப் போனதும் அலசிரு, காஞ்சா லேசுல போகாது."

மேகலா புடவையைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்துவிட்டது. டிரம் நிஜம், வெல்லம் நிஜம், அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம். உண்மை பேசினவனை ஒரு வாரமாகக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, களி கிண்டிப் போடவேண்டும். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்று சொல்லிவிடலாம்.

"அண்ணா, நான் ஹரீஷ்குமார் வீட்டுக்காரி" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அவரு எந்தப் பக்கம் வேலை செஞ்சினு இருக்காரு? கையோட சாப்பிடக் கூட்டினு போலாம்னு வந்தேன்."

மாடசாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேலுக்கு முடியலன்னு சொல்லிவிட்டானே, சரியாயிருச்சாம்மா அவனுக்கு? ஆளப் பாத்து அஞ்சு வாரமாச்சே."