ஒரே ஓர் ஆட்சேபணை

அந்தப் பெயரைத் தாசில்தார் இரண்டாம் முறை வாசித்தபோதும் செபத்தையாவுக்கு ஆள் யாரென்று பிடிபடவில்லை.

முப்பிடாதி. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை.

செபத்தையா திரும்பிப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த ஒருத்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். இதற்கு முன் அவளைப் பார்த்ததாக நினைவில்லை.

அரிசி மில்லில் இருந்த பங்கை விற்று, ஊருக்கு மேற்கே சினிமாக் கொட்டகை கட்டியிருந்தார் அவர். லைசென்ஸ் கேட்டு மனுவும் போட்டாயிற்று. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்று கொட்டகைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பக்கத்து ஊர்த் தியேட்டர்காரர் எழுதுவார் என்று எதிர்பார்த்து, வக்கீலைக்கூடக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

அவர் எழுதவில்லை. இவள் எழுதியிருந்தாள்.

கொட்டகை பள்ளிக்கூடத்துக்குப் பக்கமா, ஆஸ்பத்திரிக்குப் பக்கமா, பாட்டுச் சத்தம் தொந்தரவா என்று தாசில்தார் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையசைத்தாள்.

பிறகு என்னதான் ஆட்சேபணை என்றார்.

மகள் உலகம்மாளைப் பற்றிச் சொன்னாள். கட்டிக்கொடுத்த ஊரில் புதிதாக வந்த கொட்டகைக்குப் படம் பார்க்கப் போனவள். மெஷின் ரூமில் பிடித்த தீ கூரைக்கு ஏறிவிட்டது. எல்லோரையும் கதவுக்குப் பக்கத்தில்தான் எடுத்தார்கள்.

வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

செபத்தையாவுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. தன் கொட்டகை ஓலை இல்லை, தகரம் என்றார். நான்கு பக்கமும் கதவு இருக்கிறது, எல்லாமே வெளிப்பக்கம் திறக்கிற கதவு, என்ஜினீயர் வந்து தள்ளிப் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறார் என்றார்.

அவள் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

“அங்கயும் வெளியதான் தொறக்கும் அண்ணாச்சி. டிக்கெட் எடுக்காம ஆளு நுழைஞ்சிரும்னு, படம் போட்டதும் பூட்டிருவாங்களாம்.”

தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். விதிப்படியான காரணம் இல்லாததால் ஆட்சேபணை தள்ளுபடி செய்யப்படுகிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். குரலில் வருத்தம் இருந்தது. பேனா நிற்கவில்லை.

செபத்தையா பேசாமல் இருந்திருக்கலாம்.

“ஐயா, நானும் பூட்டு வாங்கி வச்சிருக்கேன்.”

பேனா நின்றது.

அதை நான் கேட்கவேயில்லையே என்றார் தாசில்தார். வக்கீல் பின்னாலிருந்து செபத்தையாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

எல்லாக் கொட்டகையிலும் அதுதான் வழக்கம் என்றார் செபத்தையா. ஆபரேட்டர் சொல்லித்தான் வாங்கினேன், பூட்டாவிட்டால் பாதி ஊர் ஓசியில் பார்த்துவிட்டுப் போகும் என்றார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. இனி பூட்ட மாட்டேன் என்று முடித்தார்.

காட்சி நேரத்தில் கதவுகளைப் பூட்டக் கூடாது என்று தாசில்தார் ஒரு வரி சேர்த்தார். ஏற்கெனவே விதியில் இருக்கிற வரிதான்.

ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே என்று வக்கீல் அவளிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் மாட்டேன் என்றாள். செபத்தையா வெளியே வருவதற்குள் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.

மழைக்காலம் முடிந்து லைசென்ஸ் வந்தது.

முதல் நாள், மதியக் காட்சி.

படம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பின்கதவு வழியாக ஆட்கள் குனிந்து குனிந்து நுழைந்தார்கள். அதில் இரண்டு பேர் தெரிந்தவர்கள். செபத்தையாவுக்கு வயிறு எரிந்தது. பார்க்காததுபோல நின்றார்.

முப்பிடாதியும் வந்தாள். டிக்கெட் வேண்டாம், சும்மா போங்க என்றதைக் காதில் வாங்காமல் தரை டிக்கெட் எடுத்தாள். உள்ளே போனவள் பெண்களோடு உட்காரவில்லை. மேற்குக் கதவை ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளித் திறந்தாள். கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, காலை வெளியே நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் உள்ளே பாய்ந்தது.

திரையில் அழுதுகொண்டிருந்த பெண்ணின் முகம் வெளுத்துக் காணாமல் போனது.

கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தினார்கள். விசில் பறந்தது. ஒருத்தி எழுந்து வந்து முகத்துக்கு நேரே திட்டிவிட்டுப் போனாள். முப்பிடாதி அசையவில்லை. அவள் கை கதவின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டேதான் செபத்தையா அவளிடம் போனார்.

அந்தக் கையைப் பார்த்தார்.

அவளைத் தாண்டி வெளியே இறங்கினார். தோளில் கிடந்த துண்டை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். பெரிய உடம்பு அவருக்கு. நிழல் கதவைத் தாண்டி உள்ளே விழுந்தது.

திரையில் முகம் திரும்ப வந்தது.

சத்தம் அடங்கியது.

முதுகு காய்ந்தது. கை வலித்தது. இடைவேளை எப்போது வருமென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்லத் திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்ப வந்தாள்ல, அவதான் இவளுக்கு அம்மையா?”