மாமாவின் மூக்கும் ஒரு நிபந்தனையும்

“தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க மாமா. மூக்குக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு எடுத்துடுவேன்.”

மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமா, அக்கா மகள் நீட்டிய பஞ்சுக்குச்சியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“எதுக்கு?”

“கிருமி வேணும்.”

“என் கடைக்கு வந்து கிருமி கேட்கிற முதல் ஆள் நீதான்!”

மருந்து வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குச்சியை உள்ளே விட்டாள். மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஜனங்கள் கண்டதுக்கெல்லாம் மாத்திரை விழுங்கி, பாதியில் நிறுத்தி, கிருமிகளுக்கு மருந்து பழகிப்போய்விட்டது. புது மருந்துக்காக மண்ணைக் கிளறியாச்சு, கடலைத் துழாவியாச்சு. இப்போது அவர்கள் தேடுவது மனிதர்களின் மூக்கில்.

சிலருடைய மூக்கில் ஒரு சாதுவான கிருமி குடியிருக்கும். பொல்லாத கிருமியை அது பக்கத்தில் அண்டவிடாது. எதைச் சுரந்து விரட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அதிலிருந்தே மருந்து செய்யலாம்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் குச்சியை நீட்டினாள். சொந்தக்காரர்கள் அவளைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். எடுத்த வரைக்கும் எதிலும் ஒன்றும் தேறவில்லை.

மாமாவுடையது தேறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி கண்ணாடித் தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. மாமாவின் கிருமியை வைத்த இடத்தைச் சுற்றி மட்டும், கழுவித் துடைத்த மாதிரி ஒரு வட்டம். அது சுரந்ததை எடுத்து எலிகளின் புண்ணில் தடவிப் பார்த்தார்கள். ஆறியது.

அவள் கடைக்கு ஓடினாள்.

“மாமா, உங்க மூக்குல மருந்து இருக்கு! மேற்கொண்டு வேலையை ஆரம்பிக்க உங்க சம்மதம் வேணும். ஒரு கையெழுத்து போதும்.”

மாமா பேனாவைத் தொடவில்லை.

“உங்க தலைவரை நான் பார்க்கணும். எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு.”

“என்கிட்டயே சொல்லுங்களேன்.”

“உன்கிட்ட சொன்னா நீ தலையாட்டிடுவே. ஆட்ட வேண்டிய தலை வேற.”

வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் அம்மா பொரிந்து தள்ளினாள்.

“எனக்குத் தெரியாதா என் தம்பியை! சளி சிந்தினாக்கூட அதுக்கு என்ன விலை போகும்னு பார்க்கிறவன். அந்த மருந்தை விக்கிற உரிமையைத் தன் கடைக்கே கேட்பான், பாரேன்.”

“அப்படியெல்லாம் இருக்காதும்மா.”

“பின்னே? கால் ஆபரேஷன் பண்ணின இடத்துல சீழ் வச்சு, அவன் பொண்டாட்டி எந்த மருந்துக்கும் கேட்காம ஆஸ்பத்திரியில கிடந்தா. பிழைச்சு வந்ததே பெரும்பாடு. அதைப் பார்த்த பிறகும் வியாபாரமா? நல்ல மனுஷன்!”

அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா சொல்வது சரியாகத்தான் இருக்குமோ?

மறுநாள் மாமா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். தலைவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

“உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. லாபத்துல பங்குன்னாலும் பேசலாம்.”

“பங்கு கிடக்கட்டும் சார். மருந்து வந்தா எங்கெங்க விக்கும்?”

தலைவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். ‘உன் மாமா விஷயத்துக்கு வந்துட்டார்’ என்றது அந்தப் பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதுக்கு இன்னும் வருஷக்கணக்கா ஆகும். மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கணும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சா எல்லா மருந்துக்கடைக்கும் வரும். வேணும்னா உங்க கடைக்கு முதல்ல அனுப்பச் சொல்றேன். போதுமா?”

மாமா எழுந்துவிட்டார்.

“அப்போ நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தலைவருக்கு முகம் சிவந்தது. “உங்க ஒரு கடைக்கு மட்டும்னு எழுதித் தர முடியாதுங்க. இது ஜனங்களோட உயிர் விஷயம்.”

அவளுக்கும் பொறுக்கவில்லை.

“மாமா, எந்த மருந்தும் வேலை செய்யாம வார்டுல எவ்வளவு பேர் கிடக்கிறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்மா. உங்க அத்தை கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தவன் நான். என் கடை அலமாரியில இருந்த எதுவும் அவளுக்குக் கேட்கல.”

மாமா தலைவர் பக்கம் திரும்பினார்.

“என் கடைக்கு மட்டும்னு நான் எப்போ சார் சொன்னேன்? எந்தக் கடைக்குமே வரக் கூடாது. என் கடையையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்து, வேற வழியே இல்லாதவங்களுக்கு மட்டும் கொடுக்கணும். இதுதான் என் நிபந்தனை.”



“மருந்துக்கடை வச்சிருக்கிற நீங்களா இப்படிச் சொல்றீங்க?” என்றார் தலைவர், மெதுவாக.

“வச்சிருக்கிறதாலதான் சார் சொல்றேன். கடைக்கு வந்துட்டா, தும்முறவனுக்கெல்லாம் மாத்திரை அட்டையை ரெண்டு ரெண்டா வெட்டிக் கொடுத்து, கிருமிக்குப் பழக்கி இதையும் பாழாக்கிடுவோம். கத்தரிக்கோலை முதல்ல எடுக்கிற ஆளே நானாத்தான் இருப்பேன்!”