கவசத்துக்குள் இரண்டு பேர்

ஒரு காவலரின் மார்புக் கவசத்துக்குள் முன்னால் பீங்கான் தகடும் பின்னால் நார்த்துணியும் குடியிருந்தன. ஒருநாள் குண்டு பாய்ந்தது. பீங்கான் நொறுங்கியது, துணி குண்டை மடியில் ஏந்திக்கொண்டது. காவலர் பிழைத்தார்.

"துணிதான்யா காப்பாத்தியிருக்கு!" என்று எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தார்கள். துணிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு அடி தாங்கலியே, நீயெல்லாம் ஒரு கவசமா?" என்று துணி, பீங்கான் சில்லுகளைப் பார்த்துச் சிரித்தது.

மடியில் கிடந்த குண்டு முனகியது. "ஊசி மாதிரி வந்தேன். என் முனையை மழுக்கிட்டுத்தான் அந்தப் பீங்கான் உடைஞ்சுது. இல்லேன்னா உன்னையும் அந்த மனுஷனையும் சேர்த்துத் தைச்சிருப்பேன்."

துணி கூனிக்குறுகிப் போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தது. அதற்குள் கவசத்தைக் கவிழ்த்து உதறினார்கள்.

சில்லுகளெல்லாம் குப்பைக்குப் போயின. ஒரே ஒரு சில்லை மட்டும், எவ்வளவு உதறியும், துணி விடவேயில்லை.