ஆரணியில் கிடைத்த வினைச்சொற்கள்

“சிட் பண்ணுங்கம்மா. வெயில்ல வாக் பண்ணிகினு வந்திருக்கீங்க. மொதல்ல வாட்டர் டிரிங்க் பண்ணுங்க” என்றாள் பொன்னியம்மாள்.

சுபத்ராவால் தன் காதையே நம்ப முடியவில்லை.

தமிழர்களின் வீட்டுப் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் எப்படிக் கலக்கின்றன என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. பொருள்களின் பெயர்கள் கூச்சமே இல்லாமல் அப்படியே வந்துவிடும்: பஸ், ஃபேன், சார்ஜர். குணத்தைச் சொல்பவை ஓர் ‘ஆ’வை ஒட்டிக்கொண்டு வரும்: நீட்டா, லைட்டா. செயலைச் சொல்பவை மட்டும் தனியாக வரவே வராது. ‘பண்ணு’ கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்: சேவ் பண்ணு, கேன்சல் பண்ணு. அப்போதும் உட்கார், குடி, சாப்பிடு போன்றவற்றை யாரும் ஆங்கிலத்தில் சொல்வதில்லை. இந்த வீட்டு வாசலை மிதிக்கும்வரை அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

ஒரே ஒரு தலைவலி, பதிவு செய்யப்போகிறோம் என்றதுமே எல்லாரும் மேடைத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அவளுடைய நெறியாளர் வேணுகோபால் அத்தியாயத்தை மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தார். ஒப்பனை இல்லாத அசல் வீட்டுப் பேச்சைக் கொண்டுவராவிட்டால் இந்த வருடமும் பட்டம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால் இந்த முறை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறி ஆரணிக்கு வந்தாள். தறிச் சத்தம் கேட்ட தெருவில் நுழைந்து, திறந்திருந்த ஒரு கதவைத் தட்டினாள். கல்லூரி ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறேன், எப்போதும் போலப் பேசுங்கள், போனில் பதிவு செய்துகொள்கிறேன் என்றாள். பொன்னியம்மாளும் அவள் கணவர் சக்கரவர்த்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தாராளமாக என்றார்கள்.

பொன்னியம்மாள் பளபளவென்று பட்டுப்புடவையில் இருந்தாள். பட்டு நெய்கிற ஊரில் அடுப்படியிலும் பட்டுதான் போலிருக்கிறது என்று சுபத்ரா எண்ணிக்கொண்டாள். தினமும் எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டாள். காலையில் எழுந்து ரைஸ் குக் பண்ணி, எல்லாருமாக ஈட் பண்ணி, பிறகு கொஞ்சம் ஸ்லீப் பண்ணுவதாகப் பொன்னியம்மாள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

சக்கரவர்த்தி சும்மா இருப்பாரா? “எங்க சன் மார்னிங் லூம்ல சிட் பண்ணான்னா, ஈவ்னிங்தாம்மா ஸ்டாண்ட் பண்ணுவான்” என்றார்.

உள்ளே தறியில் இருந்த மகன் பார்த்திபனும் சளைத்தவன் இல்லை. “மம்மி, அந்த ஜரிகைய டேக் பண்ணிகினு ஜல்தியா கம் பண்ணு” என்று குரல் கொடுத்தான்.

சுபத்ராவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ‘கம் பண்ணு’! எந்த ஊரிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றாட வினைச்சொற்களைக்கூட ஆங்கிலத்தில் சொல்லும் ஒரு குடும்பம், பக்கத்து ஊரிலேயே இத்தனை நாள் இருந்திருக்கிறது. இவர்களுக்கு எங்கிருந்து இந்தப் பழக்கம் வந்திருக்கும் என்று அவள் மனம் குறுகுறுத்தது.

அங்கேயே உட்கார்ந்து பதிவை நெறியாளருக்கு அனுப்பினாள். ‘நூற்றுக்கு நூறு இயல்பான வீட்டுப் பேச்சு, ஐயா’ என்று கீழே எழுதினாள். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டார் போலும். ‘இதுவரை யாரும் கண்டுபிடிக்காதது. அடுத்த வாரக் கருத்தரங்கில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்’ என்று பதில் வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டம் கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் இருவரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வாசல்வரை கூடவே வந்த பொன்னியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“இதுக்கு மேல எனக்கு நாக்கு திரும்பாதும்மா. பொண்ணு ஏதாச்சும் சாக்கு சொல்லிகினு வீட்டப் பாக்க வரும், இங்லீஷ் பேசற குடும்பமாத்தான் வேணுமாம்னு தரகர் சொன்னதுல இருந்து நாங்க மூணு பேரும் இத்தையே பேசிப் பழகிகினு கெடக்கிறோம். எங்க பையனை உனக்குப் புடிச்சிருக்கா?”