இணைப்புக் கொடுத்தவள்

பெரியவனின் முகம் திரை முழுக்க வந்துவிட்டது. பின்னால் அலுவலக நாற்காலியின் முதுகு தெரிந்தது.

"போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிம்மா. உன் மூக்கு மட்டும்தான் தெரியுது."

தள்ளிப் பிடித்தாள். வேண்டுமென்றே கோணலாகப் பிடித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் இன்னும் கொஞ்ச நேரம் நம்பவேண்டும்.

திரையின் ஓரத்தில் ஒரு குட்டி மனித உருவம், அதன் தோளருகே ஒரு கூட்டல் குறி. அதைத் தொட்டால் பெயர்கள் வரும். பெயரைத் தொட்டால் அந்தப் பக்கம் மணி அடிக்கும். எடுத்துவிட்டால் மூவரும் ஒரே திரையில்.

கீழ்த்தளத்தில் நடக்கும் செவ்வாய்க்கிழமை போன் வகுப்பில் மற்றவர்கள் மின்கட்டணம் கட்டவும் பேரப்பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்கவும் படித்துக்கொண்டிருந்தார்கள். இவள் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஒத்திகைக்காக மாடிப்படியில் போய் நின்றுகொண்டு, "நான்தாம்மா உன் சின்னப் பையன், சொல்லு" என்று போனில் இருமியபோது வகுப்பே சிரித்தது.

மகன்கள் இருவரும் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒரே ஊர். வேலைக்குப் போக இருவரும் கடப்பது ஒரே பாலம். சின்னவனுக்குப் பெண் பிறந்ததைப் பெரியவன் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டான். "அவன் பேச்சை எடுக்காதே" என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றான் பெரியவன்.

"ஆச்சு" என்றாள். குறியைத் தொட்டாள். பெயரைத் தொட்டாள்.

மணி அடித்தது.

"எதை அமுக்கினே? யாருக்கோ போகுது பாரு."

"தெரியலையேடா. அதுவா போகுது."

சின்னவன் எடுத்துவிட்டான். எங்கோ காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும், சீட் பெல்ட்டைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.

பெரியவன் மேசையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "அம்மா, சிவப்பைத் தொடு, கட் ஆயிடும்" என்றான்.

அவள் தொடவில்லை. அவள் வாய்தான் முந்திக்கொண்டது.

"லைன் கிடைச்சிருச்சு, பேசுங்க."

அது அம்மாவின் குரல் இல்லை. பாதி ஆயுள் தொலைபேசி நிலையத்தின் சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்து, அந்தப் பக்கம் அமைச்சரானாலும் மளிகைக்கடைக்காரரானாலும் ஒரே மாதிரி சொன்ன குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, உடனே விலகிக்கொள்ளும் குரல். கம்பியைச் செருகியதும் தொண்டை தானாகச் சொல்லும். பள்ளி விட்டதும் அந்த நிலையத்தின் வராந்தாவில் காத்துக் கிடந்த இரண்டு பையன்களுக்கும் அது மனப்பாடம்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது சின்னவன். "அதுவா போகுதாம். கேட்டியா அண்ணா? டியூட்டில இருக்காங்க."

'அண்ணா' வந்துவிட்டது. வந்ததை அவன் கவனிக்கவில்லை.

பெரியவன் நிமிர்ந்தான். "ஒழுங்கா நடிக்கவும் தெரியல" என்றான். உதட்டோரம் துடித்தது.

இப்போது சிவப்பைத் தொட்டாள்.

தொட்டால் அவள் மட்டும்தான் விலகுவாள். அவர்கள் இருவரும் உள்ளேயே இருப்பார்கள். அதையும் வாத்தியாரை வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தாள்.

திரையில் 'சேர்' என்று ஒரு பச்சைப் பொத்தான் மிஞ்சியது. அது இருக்கும்வரை பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். தொட்டால் கேட்கலாம். இணைத்துவிட்டு ஒட்டுக் கேட்கும் பழக்கம் அவளுக்கு வேலையில் இருந்த காலத்திலும் கிடையாது.

போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் ஒற்றைக் கட்டில். உள்ளிருந்து போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். அவளுடைய ஓய்வூதியத்துக்குள் அடங்கும் அறை. நடைவழியில் யாரோ தடி ஊன்றிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பொத்தான் அப்படியே இருந்தது.

சிரிப்பு இதற்குள் அடங்கியிருக்கும். யாராவது ஒருவன் ஆரம்பித்திருப்பான். அம்மாவை ஏன் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினே? நான் எங்கே அனுப்பினேன், நீதானே?

இரண்டு வருடத்துக்கு முன் பெரியவனிடம், தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாள். சின்னவனிடம், அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னாள். பெட்டியுடன் இங்கே வந்தாள். விஷயம் தெரிந்தபோது, மற்றவன்தான் துரத்தியிருக்கிறான் என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் எதிரிலேயே ஒருவன் மற்றவனை வைதபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரத்திய தம்பியை அண்ணன் என்றாவது மன்னித்துவிடுவான் என்று நினைத்தாள். யாரும் துரத்தாமல், இரு வீட்டிலும் குறை இல்லாமல், விடிய விடிய விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருக்கலாம், எங்கே கிளம்பிட்டீங்க என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காக ஒரு அம்மா வீட்டை விட்டுப் போவாள் என்பதை எந்த மகனிடம் எப்படிச் சொல்வது?

பச்சைப் பொத்தான் மறைந்தது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு போன் அதிர்ந்தது. திரையில் இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருந்தன.

எடுத்தாள். இரண்டு முகங்களும் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"ஆமாண்டா. நானாத்தான் வந்தேன்."