இடது கை

அவள் அந்தக் கோட்டைத் தொழிற்சாலை முதலாளியின் மேசைமேல் விரித்தாள்.

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த கோட்டு. அவள் கணவன் வென்செல் செவ்வாய்க்கிழமை காலை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தது.

இடது பக்கப் பையைக் காட்டினாள். அதன் வாய் கருப்பு நூலால் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது.

"நான்தாங்க தைச்சேன். உள்ள ஓட்டை. சாவி விழுந்துட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஒழுங்கா தைச்சுக்கலாம், அதுவரைக்கும் மூடி வெப்போம்னு."

அவருக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவிட்ச் போர்டைத் தொடும்போது வலது கை மட்டும். இடது கை பைக்குள். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

விதியை எழுதியவர் அவர்தான். முப்பது வருடத்துக்கு முன், ஒரு குதிரைக் கொட்டகையில் தன் முதல் டைனமோவை ஓட்டி, அது தூக்கி எறிந்ததில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தபோது எழுதினார். இன்று தொழிற்சாலையில் எல்லாச் சுவரிலும் அது தொங்குகிறது. அவருடைய ஆட்கள் சர்ச்சில்கூட இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

விசாரணைக்குப் போகவேண்டிய அறிக்கை அவர் முன்னால் இருந்தது. ஒரே வரி. இறந்தவரின் இடது கை வெளியே இருந்தது.

பொய் இல்லை. கையெழுத்தும் போட்டாயிற்று. விசாரணை நல்லபடி முடிந்தால் நகர ஒப்பந்தம் கிடைக்கும், ஊர் முழுக்க அவருடைய விளக்குகள்தான். வாழ்நாளெல்லாம் அதற்காகத்தான் உழைத்தார்.

"கையை வெக்க எடமில்லாம பண்ணிட்டேன்," என்றாள். "பிள்ளைங்ககிட்ட சொல்லல இன்னும். பெரியவளுக்குப் பத்து வயசு. சொல்லித்தானே ஆகணும்?"

அவருக்கு அறுபத்தெட்டு வயது. நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். பழியை அவளே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

சும்மா இருக்கத்தான் பார்த்தார்.

அவள் கோட்டை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"அதனால இல்லம்மா," என்றார்.

சுவிட்ச் போர்டுக்கு முன்னால் எப்போதும் மரப்பலகை போட்டிருக்கும். அதன்மேல் நின்றுதான் வேலை. திங்கட்கிழமை தொழிற்சாலையைப் பார்க்க மேயர் வந்தார். எண்ணெய் ஊறிய பலகைகள் பார்க்க அசிங்கமாக இருந்தன. கீழே இருந்த இரும்புத் தளம் பளபளவென்று இருந்தது. பலகையை எடுக்கச் சொன்னவர் அவர். திரும்பப் போடச் சொல்ல மறந்தவரும் அவர்.

மறுநாள் காலை வென்செல் பனியில் நனைந்த பூட்சோடு அந்த இரும்பின்மேல் நின்றான்.

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இரும்புல நின்னா ஒத்த விரல் பட்டாலே போதும். பை தொறந்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டான். உங்க மேல தப்பில்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். வெட்கக்கேடு, நன்றி சொல்வாள் என்றுகூட ஒரு கணம் எதிர்பார்த்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அடக்கத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

வெளியே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் போகவில்லை. அதுவரை நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். மேசையில் இருந்த அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தேதி போட்டார். பேனா அங்கேயே நின்றது.

"எழுதுங்க," என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியும்."