அறுபத்து நாலாம் பிரிவு

"ஏலம் கேட்டு முடிச்சுட்டு இப்ப வேணாம்னா என்னப்பா அர்த்தம்? வெளாட்டா இருக்கா அந்த ஆளுக்கு?"

இலக்கியா போனை வைத்த வேகத்தில் ஸ்டாண்டே ஆடியது.

வைரக்கண்ணு வாசலில் அம்பாசிடரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் வாடகைக்கு ஓடிய வண்டி. சுமோவும் வேனும் வந்த பிறகு அதைக் கூப்பிட ஆளில்லை. ஆறு மாதமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது.

"ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா டாக்ஸும் இன்ஷூரன்ஸும்?" என்று விடாமல் வாதாடி, அதை இன்டர்நெட் ஏலத்தில் போட்டவள் இலக்கியாதான். லா காலேஜில் மூன்றாம் வருஷம். வாதாடாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஏழு பேர் கேட்டார்கள். கடைசியில் எடுத்தவர் அய்யம்பெருமாள், அரியலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். போன வாரம் நேரில் வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று வெள்ளிக்கிழமை காலையில் போன்: "மனசு மாறிட்டுதும்மா. மன்னிச்சுக்க."

"வுடும்மா. அவருக்கு என்ன கஷ்டமோ."

"அதெப்படி விடறது? சுத்தியல் விழற வரைக்கும்தான் பின்வாங்கலாம். விழுந்துட்டா வித்தது வித்ததுதான். சரக்கு விற்பனைச் சட்டம், அறுபத்து நாலாம் பிரிவு!"

"இன்டர்நெட்டுல சுத்தியல் எங்கம்மா இருக்கு?"

"ஏல நேரம் முடிஞ்சுதுல்ல, அதான் சுத்தியல். சைட்ல கம்ப்ளெயின்ட் குடுத்தா இனிமே எந்த ஏலத்துலயும் அவரு கேக்க முடியாது. வண்டிய வேற ஆளுக்கு வித்து, கொறையறத அவருகிட்ட நஷ்டஈடா கேக்கலாம். இல்லாட்டி, வாங்கித்தான் ஆகணும்னு கேஸே போடலாம். மொதல்ல நோட்டீஸ்."

"நோட்டீசெல்லாம் எதுக்கும்மா... பாவம்..." வைரக்கண்ணு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"இப்படி ஊருக்கெல்லாம் பாவம் பாத்துத்தான் வண்டி மரத்தடியில நிக்கிது."

அவர் அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தார். அவளோடு பேசி அவர் ஜெயித்ததே கிடையாது.

நோட்டீஸைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால், எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று காலேஜில் படித்திருந்தாள். டைப் அடித்து எடுத்துக்கொண்டு, அரியலூரில் பஸ் மாறி, கீழப்பழுவூரில் அய்யம்பெருமாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வாம்மா, உள்ள வந்து ஒக்காரு" என்றவர் முகத்தில் ஒரு குற்றவாளிக்களை. இலக்கியாவுக்குத் திருப்தியாக இருந்தது.

சுவரில் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. பூமாலை சுற்றிய அம்பாசிடர். அவர்கள் வண்டியின் நம்பர், 3316. அவள் எழுந்து கிட்டே போனாள். ஸ்டியரிங்கில் அப்பா, அடர்ந்த கருப்பு மீசையோடு. பக்கத்து சீட்டில் ரெட்டைச்சடை, வாய் நிறைய லட்டு. சந்தேகமேயில்லை, அவளேதான். லீவு நாளில் கல்யாண சவாரி வந்தால் அப்பா அவளையும் ஏற்றிக்கொள்வார். பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் அவள்தான் இறங்குவாள்.

"தொண்ணூத்தஞ்சுல எங்க கல்யாணம்" என்றார் அய்யம்பெருமாள். "ஏலத்துல அந்த நம்பரப் பாத்ததும் விட்டுடக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அவ்வளவு ஆசைப்பட்டவரு ஏன் சார் பின்வாங்கணும்?"

"மனசு மாறிட்டுதும்மா. தப்பு என்னுதுதான்." அவள் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

மோர் கொண்டுவந்த அவர் மனைவி ஜெயசித்ரா, டம்ளரை டங்கென்று வைத்தாள்.

"போடுங்க, போடுங்க. செய்யாத தப்புக்கெல்லாம் கையெழுத்துப் போடுங்க."

"சித்ரா, சும்மாரு."

"நீங்க சும்மாருங்க. நாளைக்கு அதே வண்டியில நாங்க ரெண்டு பேரும் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போவணும்னு, பட்டருகிட்ட சொல்லி, மாலைக்கும் சொல்லிட்டு வந்த மனுசம்மா இவரு. நேத்து ஒங்கப்பா வந்தாரு. நீ ஒக்காந்திருந்த அதே நாக்காலிலதான் ஒக்காந்தாரு. 'எம் பொண்ணுகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுங்க, வண்டிய வுட்டுட்டு என்னால இருக்கவும் முடியாதுங்க. நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க'ன்னு இவரு கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாரும்மா."

அய்யம்பெருமாள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலக்கியா கையிலிருந்த நோட்டீஸை ஒருமுறை படித்தாள். எல்லாப் பிரிவும் சரியாகத்தான் இருந்தது. அனுப்புநர், பெறுநர் பெயரைத்தான் மாற்றிப் போட வேண்டியிருந்தது. பின்வாங்கியவர் அப்பா.

அவள் வீடு திரும்பியபோது வைரக்கண்ணு கார் பக்கத்திலேயே நின்றிருந்தார். துடைக்கிற துணி கையில் சும்மா இருந்தது.

"என்னம்மா... நோட்டீஸ வாங்கிக்கிட்டாரா?"

"கேஸ் போட்டா நாமதாம்ப்பா தோப்போம். அதான் சமாதானமா பேசி முடிச்சுட்டேன்."

"எ... என்னன்னு?"

அவள் முன் கதவைத் திறந்து, பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டி நம்மகிட்டயேதான் இருக்கும். நாளைக்குக் காலையில கீழப்பழுவூர்ல பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு கல்லங்குறிச்சி போவணும். டிரைவர் நீங்க. லட்டு தர்றாங்களாம், நானும் வரேன்."